நூல்காரர் வீட்டுச் சின்னண்ணன்

1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம் போன இளைஞர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. சென்னிமலையில் பிறந்து, பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்து பஞ்சாலையில் வேலை பார்த்த குமாரசாமி மறுநாள் இறந்துபோனார். அவருக்கு வயது 27. கொடிகாத்த குமரனின் கதையைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் படித்திருக்கிறார்கள். அதே ஜனவரியில் சென்னைக் கடைத்தெருவில் விழுந்த வேறொரு அடியைப் பற்றித்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அன்னியத் துணிக்கடை முன்னால் மறியல் நடந்துகொண்டிருந்தது. அங்கே கதர் உடுத்தி நின்றிருந்த ஒரு வெள்ளைக்காரர் மீது போலீசார் சாயத்தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள், தடியாலும் அடித்துக் கைது செய்தார்கள். அவர் மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர், கிறிஸ்தவ ஊழியர். லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது.

திருப்பூர்க்காரர்கள் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேட்டன் நூல்காரர் வீட்டுப் பிள்ளை. ஸ்காட்லாந்தின் ஆலோவா ஊரில் பின்னலுக்கான கம்பளி நூல் நூற்றுப் பெரும் பணம் சேர்த்த குடும்பம் அது. அந்தக் குடும்பக் கம்பெனி 1920இல் பால்ட்வின்ஸ் என்ற போட்டி நிறுவனத்தோடு சேர்ந்து ‘பேட்டன்ஸ் அண்ட் பால்ட்வின்ஸ்’ ஆனது. 1960களின் தொடக்கத்தில் அது தையல் நூல் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. கோட்ஸ் என்ற பெயரைப் பனியன் கம்பெனியில் சிங்கர் மெஷினிலோ ஓவர்லாக்கிலோ உட்கார்ந்த எந்த டெய்லருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. துணி வியாபாரத்தின் ஆதாயத்தில் வளர்ந்த ஒருவர் துணிக்கடை முன்னால் அடி வாங்குகிற இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. ஒரு நட்பின் வழியாக வந்தார் என்பது என் பதில். அந்த நட்புக்கும் முன்கதை ஒன்று உண்டு.

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலரில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாக 1874இல் பிறந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டித் தங்கள் ஆட்களை ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். திரும்பிவந்த அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்குவதில் முன்நின்றார். வெள்ளைக்காரர் காசை நம்பாமல் ஒரு சபை நடக்க முடியும் என்பதைச் செய்து பார்த்த மனிதர் அவர். அதனால் எடின்பரோ மேடையில் அவர் பேசியது கை நீட்டுகிறவனின் பேச்சாக இல்லை.

மிஷனரிகள் இந்தியாவுக்குப் பொருளைத் தந்தார்கள், உயிரையும் தந்தார்கள், அதற்கெல்லாம் நன்றி என்று சொன்னார். பிறகு, எங்களுக்கு வேண்டியது அன்பு, நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. ஒரே மிஷனில் பல வருடம் சேர்ந்து ஊழியம் செய்தும், வெள்ளை மிஷனரிகளில் பலர் உடன் உழைக்கும் இந்தியரைத் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்ததே இல்லை என்பதையும் அந்தச் சபையிலேயே சொன்னார். கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1912இல், அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

அசரியா சொன்னதில் என்னை நிறுத்துவது சாப்பாட்டு மேசைதான். அன்பாகப் பேசினார்களா, சிரித்தார்களா, கடிதம் எழுதினார்களா என்று அவர் கேட்கவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் இந்தக் கேள்வியின் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதை வைத்து மனிதரின் விலையை நிர்ணயித்த சமூகம் நம்முடையது. அசரியா வெள்ளையரின் மேசையைச் சுட்டியபோது, அந்த விரல் நம் ஊர்ப் பந்திகளையும் சேர்த்தே சுட்டியது.

அந்தக் கேள்விக்கு வாழ்ந்து பதில் சொன்னவர்களில் இரண்டு மருத்துவர்கள் முக்கியமானவர்கள். ஒருவர் சவரிராயன் இயேசுதாசன், 1882இல் பிறந்தவர், தமிழர். இன்னொருவர் 1891இல் பிறந்த பேட்டன். முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் நண்பர்களானார்கள். இந்தியாவுக்கு வந்து புனேயில் ஸ்காட்லாந்து சபையின் மிஷனில் சேர்ந்தார்கள். அன்றைய மிஷன் ஏற்பாட்டில் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு வேறொன்று. பங்களாவும் வேறு, தீர்மானம் எடுக்கும் கமிட்டியும் வேறு. படிப்பு ஒன்று, தொழில் ஒன்று, விசுவாசம் ஒன்று, ஆனாலும் இருவரும் சமமாக வாழ முடியாத ஏற்பாடு அது. மிஷனை விட்டு வெளியே வந்து, 1921இல் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள்.

அங்கே இயேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஆசிரமத்தில் எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். வயதில் மூத்தவர் இயேசுதாசன்தானே, இதில் என்ன விசேஷம் என்று தோன்றலாம். வயது நிர்ணயித்த வரிசையை நிறம் நிர்ணயித்த வரிசைக்கு மேலே வைத்ததுதான் விசேஷம். 1921இன் இந்தியாவில் ஒரு வெள்ளையர் இந்தியருக்கு இளையவராக, அவர் தலைமைக்குக் கட்டுப்பட்டவராக, அன்றாடம் எல்லோர் கண்ணெதிரிலும் வாழ்வது ஆட்சியின் ஒழுங்கையே தலைகீழாக்கும் காரியம். ஆசிரமத்துச் சகோதரர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், தரையில் உட்கார்ந்து சைவச் சாப்பாடு சாப்பிட்டார்கள், ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்தினார்கள். 1930களின் தொடக்கத்தில் அங்கே கட்டி முடித்த ஜெபாலயத்தில் திராவிடக் கோயில்களைப் போலக் கோபுரமும் விமானமும் உண்டு.

இங்கே கணக்கையும் பார்க்க வேண்டும். ஆசிரமம் காலூன்றியதில் பேட்டனின் குடும்பச் சொத்துக்குப் பெரும் பங்குண்டு. பணம் தருகிறவன் இளையவன் என்று எவ்வளவு சொன்னாலும், கடைசியில் அவன் பேச்சுதான் எடுபடும் என்பது உலக வழக்கம். கொங்கு நாட்டுக் கூட்டு வியாபாரம் தெரிந்தவர்களுக்கு ‘முதல் போட்டவர்’ என்ற சொல்லின் கனம் தெரியும். கிறிஸ்துகுலத்தில் அந்த வழக்கம் செல்லவில்லை என்பதுதான் அந்த நட்பின் உண்மையான சாதனை என்று நினைக்கிறேன். பெரியண்ணன் கடைசிவரை பெரியண்ணனாகவே இருந்தார். 1937இல் ஆசிரமங்களின் பழமையையும் புதுமையையும் பற்றி நூல் எழுதி, அந்த வாழ்க்கைக்கு விளக்கம் சொன்னவரும் அவரே. இயேசுதாசன் 1969இலும் பேட்டன் 1970இலும் காலமானார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. கோபுரம், சைவச் சாப்பாடு, காவி, கதர் என்று இந்தியத்தன்மையைத் தேடிய கிறிஸ்தவ ஆசிரமங்கள் பெரும்பாலும் மேல்சாதி இந்துக்களின் வழிபாட்டு அழகையே இந்தியா என்று எடுத்துக்கொண்டன. தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினரின் முன்னோர்கள் எந்தக் கோபுரத்துக்கு உள்ளே விடப்படவில்லையோ, அதே கோபுரத்தை ஜெபாலயத்தின் மேல் எழுப்பியது சிலரை உறுத்தியிருக்கும். 1980களில் எழுந்த தலித் இறையியல் இந்த வகை ‘இந்தியமயமாக்கலை’ நேராகவே கேள்வி கேட்டது. அந்தக் கேள்வி நியாயமானது. கிறிஸ்துகுலம் நிறத்தின் சுவரை உடைத்த அளவுக்குச் சாதியின் சுவரைத் தன் கட்டடக் கலையில் கணக்கெடுக்கவில்லை.

விசுவாசம் என்ற பக்கத்தையும் தொட வேண்டும். வேற்றுமையை மறந்தால்தான் நட்பு, கொள்கையைத் தளர்த்தினால்தான் நல்லிணக்கம் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். இயேசுதாசன் அப்படித் தளர்த்தியவர் இல்லை. 1966இல், எண்பதைத் தாண்டிய வயதில், அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே கிறிஸ்துவின் தனித்தன்மையை முன்னிறுத்துகிறது. அசரியாவோ இன்னும் கறாரானவர். மதமாற்றம் பற்றி 1930களில் காந்தியோடு வெளிப்படையாகவே முரண்பட்டார். நட்பைக் கேட்ட அசரியா காந்தியோடு மோதினார். அந்தக் கோரிக்கைக்குப் பதிலாக வாழ்ந்த பேட்டனோ காந்தியின் கதரை உடுத்தி அடி வாங்கினார். ஒரே விசுவாசம் இரண்டு பேரை அரசியலில் இரண்டு திசையில் நிறுத்தியது. இதில் யார் சரி என்று நூறாண்டு கழித்துத் தீர்ப்பு எழுத எனக்கு ஆர்வமில்லை. இருவருமே தங்கள் விசுவாசத்துக்கு விலை கொடுத்தார்கள், அந்த விலை ஊரறியத் தெரிந்தது.

இனி இன்னும் பழைய ஒரு நூல் சீமைக்குப் போகலாம். பவுல் அப்போஸ்தலன் நடமாடிய ஊர்களில் பல துணித்தொழில் ஊர்கள். பவுல் கூடாரம் செய்யும் கைத்தொழிலாளி. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு சேர்ந்து அதே வேலையைச் செய்து பிழைத்தார். பிலிப்பியில் அவரைத் தன் வீட்டில் தங்கச் சொல்லி விடாமல் வற்புறுத்திய லீதியாள் இரத்தாம்பரம் விற்கிற வியாபாரி. அவள் சொந்த ஊரான தியத்தீராவில் சாயத் தொழிலாளருக்குச் சங்கமே இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இன்றைய துருக்கியில் உள்ள லைக்கஸ் பள்ளத்தாக்கில் கொலோசெ, லவோதிக்கேயா என்ற இரண்டு ஊர்கள் ஆட்டுக் கம்பளிக்குப் பேர்போனவை. ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு, பக்கத்துப் பக்கத்து ஊர்கள், நூலும் சாயமும், வெளியூர் ஏற்றுமதி. நொய்யல் கரைக்காரர்களுக்கு அந்நியமான உலகமில்லை.

அந்தக் கொலோசெ ஊர்க்காரர் பிலேமோன். தன் வீட்டிலேயே சபை கூட இடம் கொடுத்தவர், அடிமைகள் வைத்திருக்கும் அளவுக்கு வசதியுள்ளவர். அவருடைய அடிமை ஒநேசிமு அவரை விட்டுப் பிரிந்து, சிறையிலிருந்த பவுலிடம் வந்து சேர்ந்து விசுவாசியானான். அவனைத் திருப்பி அனுப்பும்போது பவுல் எழுதிய கடிதம் புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. மொத்தமே 25 வசனம். இவனை இனி அடிமையாக அல்ல, அன்பான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். என்னை ஏற்பதுபோல இவனை ஏற்றுக்கொள் என்கிறார். அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இவன் உனக்கு ஏதாவது நஷ்டம் செய்திருந்தால், ஏதாவது கடன்பட்டிருந்தால், அதை என் கணக்கில் வை, நானே தீர்க்கிறேன் என்று தன் சொந்தக் கையால் எழுதித் தருகிறார்.

கொங்குப் பகுதி விசைத்தறிகளில் ‘பாக்கி’ என்ற வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த வரி சட்டென்று பிடிபடும். வேலைக்குச் சேரும்போது முதலாளி முன்பணம் கொடுக்கிறார். கல்யாணம், வைத்தியம், பண்டிகை என்று வாங்கிக்கொண்டே போக, அது பாக்கியாக ஏறுகிறது. வேறு தறிக்குப் போக வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்ட வேண்டும். கட்டினால் ஆள் அவருக்குப் பாக்கிக்காரராகிறார். குமாரபாளையம் விசைத்தறிகளை ஆராய்ந்த மானுடவியலாளர் கீர்ட் டி நேவே இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். பிறத்தியார் கடனை ஏற்பது நம் தொழிலில் புதிதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தறிக்காரர் பாக்கியைக் கட்டுவது ஆளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள. பவுல் ஒநேசிமுவைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதைக் கடிதத்திலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் வைத்துக்கொள்ளவில்லை. கடனைத் தான் ஏற்று, ஆளைச் சகோதரனாக அனுப்புகிறார்.

பவுல் அடிமைமுறையையே ஒழி என்று எழுதவில்லை. அது கடிதத்தின் பலவீனம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்துக்கு ஆதரவாக, பவுலே அடிமையைத் திருப்பி அனுப்பினாரே என்று இதே கடிதத்தைக் காட்டி வாதாடினார்கள். கடன் வரியை மட்டும் அவர்கள் சௌகரியமாகத் தாண்டிப் போனார்கள். சகோதரன் என்று அழைப்பதில் யாருக்கும் செலவில்லை; என் கணக்கில் வை என்பதில்தான் செலவு இருக்கிறது.

திருப்பூர் சகோதரத்துவம் தெரியாத ஊரல்ல. அதன் வளர்ச்சியையே அந்த வகையில் விளக்கியவர் ஷரத் சாரி. 2004இல் வெளிவந்த அவருடைய ஆய்வு நூல், சகோதரத்துவத்தால் ஆன மூலதனம் என்று இந்த ஊரின் முதலீட்டுக்குப் பெயரே வைத்தது. காட்டு வேலையிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்த கொங்கு வேளாளக் கவுண்டர்கள் பலர், கூலியாகத் தொடங்கிக் கூட்டுச் சேர்ந்து முதலாளி ஆனார்கள். மச்சான், பங்காளி, ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில் நூல் கடனாகக் கிடைத்தது, மெஷின் வாடகைக்குக் கிடைத்தது. கம்பெனிக்குள் முதலாளியை அண்ணா என்று கூப்பிடும் பழக்கமும் அப்படி வந்ததுதான். உழைப்பால் உயர்ந்தோம் என்று அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. அதே உழைப்பைப் போட்ட அருந்ததியர்களுக்கும் பெண்களுக்கும் அந்த ஏணி அதே அளவுக்குக் கிடைக்கவில்லை என்பதும் பொய்யில்லை. பங்காளி வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் தங்கள் பங்கைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பஞ்சப்படிக்காக 1984இல் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அண்ணன் தம்பிக்குள் 127 நாள் வேலைநிறுத்தம் நடக்காது.

கிறிஸ்துகுலத்தின் அண்ணன் தம்பி உறவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். திருப்பூரின் சகோதரத்துவம் ஏற்கெனவே இருந்த உறவைத் தொழிலாக மாற்றியது. பெரியண்ணனும் சின்னண்ணனும் இல்லாத உறவை உண்டாக்கினார்கள். அதற்காக மேலே இருந்தவர் இறங்கி உட்கார்ந்தார். முதலாவது கெட்டிக்காரத்தனம், அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. இரண்டாவதுக்கு விசுவாசம் தேவைப்பட்டது.

இன்று வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் டையிங்கிலும், இப்போது பவர் டேபிளிலும், இவர்கள் இல்லாமல் ஷிப்ட் ஓடாது. ஜார்க்கண்ட், ஒடிசாவின் பழங்குடிப் பகுதிகளிலிருந்து வருகிறவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசின் குழு திருப்பூர் வரை வந்து விசாரித்துப் போனது. அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் தொழிலாளர்களைத் தேடிப்போய்ப் பயப்பட வேண்டாம் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் ஆர்டர் நின்றுபோகும் என்ற பயத்திலிருந்து வந்த அக்கறை அது என்பதை மறைப்பதில் பயனில்லை. இவர்களை நாம் கூப்பிடும் பெயரே ‘இந்திக்காரன்’. ஒடியா பேசுகிறவனுக்கும் அதுதான் பெயர்.

1910இல் நண்பர்களைக் கேட்டு நின்றவர் தமிழர், பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் வெள்ளையர். திருப்பூரில் அந்த மேசை நம் வீட்டில் கிடக்கிறது. பத்து வருடம் கூட வேலை பார்த்த ஒடியாக்காரர் எத்தனை தமிழ் வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் என்று கேட்டால், எடின்பரோவில் கோபப்பட்டவர்களைப் போலவே நம்மிலும் பலர் கோபப்படுவோம். திருச்சபைகளும் இதற்கு விலக்கல்ல. கோவைத் திருமண்டலத்தின் தொடக்க காலப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவ விசுவாசத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி உலக அளவில் அறியப்பட்ட இறையியலாளர். அப்படிப்பட்ட சிந்தனை மரபுள்ள சபை, ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் தமிழ் புரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வாசிப்பையாவது அவர் பாஷையில் கொடுப்பது பெரிய சிரமம் ஆகாது. பாஷைகூடப் பிறகு வரலாம், முதலில் சாப்பாடு.

நிர்வாகத்தில் இருக்கிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தை வாசிக்க ஒரு டீ டைம் போதும். கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாசித்து முடித்த கையோடு உங்கள் கம்பெனியின் அட்வான்ஸ் நோட்டை எடுத்து, அதில் யார் பெயருக்கு நேரே எவ்வளவு நிற்கிறது, அதில் எதைத் தள்ளுபடி செய்ய முடியும் என்று பாருங்கள்.